உயரமும் எடையும் கூடுதலா? வண்டி பழக எந்த வண்டி எடுப்பது?



அஸ்தினாபுரத்தில் இருந்து ஒரு குழு உறுப்பினர் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது சொன்னபடியே:

"எனக்கு உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எடை 92 கிலோ. தைக்கத் துணி வாங்கவும் தைச்சதைக் கொண்டு போய்க் கொடுக்கவும் வண்டி பழகணும். குழுவிலே கடன் தரோம்னு சொல்லிட்டாங்க. கடைக்குப் போனா சின்னதா ஒரு வண்டியைக் காட்டி, இதுதான் லேடீஸ் வண்டி, இதுலதான் பழகணும்ங்கறாங்க. வீட்டுல, உன் உடம்புக்கு புல்லட்தான் தாங்கும்னு சிரிக்கறாங்க. நான் எதை எடுக்கறது?"

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. உடம்பு கொஞ்சம் பருமனாக இருப்பதாலேயே "எனக்கெல்லாம் வண்டி எதுக்குக்கா?" என்று ஒதுங்கிக்கொள்ளும் உறுப்பினர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும், ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்காருவதும், யாராவது கொண்டுபோய் விடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதுமாக அவர்கள் பொழுது போகிறது. கடன் வாங்கி, பொருந்தாத வண்டியை எடுத்து, நாலு நாள் ஓட்டிப் பார்த்துப் பயந்துபோய், கடைசியில் அந்த வண்டியை மகனோ கொழுந்தனோ ஓட்ட, தவணையை மட்டும் இவர் கட்டிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. ஆகவே இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலிலேயே ஒன்று. 95 கிலோ ஆண் ஒருவர், பின்னால் மனைவி, முன்னால் குழந்தை, பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர் என்று ஏற்றிக்கொண்டு போகிறார். காஸ் மட்டும் 14.2 கிலோ, காலி சிலிண்டரையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அவரைப் பார்த்து யாரும் "வண்டி தாங்குமா?" என்று கேட்பது இல்லை. நம்மைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆணுக்கும் அதே கணக்குத்தான்.

புதுக்கோட்டையில் சைக்கிள் பழகியவர்கள்

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவு இருக்கும். 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு செய்தி நம் விஷயத்துக்குப் பொருந்தும். பெண்களுக்கென்று லேடீஸ் சைக்கிள் தனியாக இருந்தும், சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி எடுத்தார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

எந்தச் சைக்கிளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கவில்லை. தன் உடம்புக்கும் தன் வேலைக்கும் எது சரிப்படும் என்று பார்த்தார்கள். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

'லேடீஸ் வண்டி' என்பது யாருக்கு?

2000-களில் ஸ்கூட்டி பெப் மாதிரி வண்டிகள் பெண்களுக்கென்றே விளம்பரம் செய்து விற்கப்பட்டன. 88 சி.சி. அளவு எஞ்சின், வண்டி எடை 95 கிலோ அளவு. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடி. அந்த உயரத்துக்கும் ஒல்லியான உடம்புக்கும் அது நல்ல வண்டி. ஆயிரக்கணக்கான பெண்களை அது வெளியே கொண்டுவந்தது, அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஐந்தடி எட்டு அங்குலம் உள்ளவருக்கு அது தங்கை சட்டையைப் போட்ட மாதிரி.

கடைக்காரர்கள் சீட் உயரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். "கால் நல்லா எட்டும் மேடம்" என்பார்கள். உயரமானவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. இன்று விற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றின் சீட் உயரம் 76 முதல் 79 சென்டிமீட்டருக்குள்தான். ஆக்டிவா, ஜூபிடர் 76 சொச்சம், அக்சஸ் 77 சொச்சம், பர்க்மேன் 78. ஐந்தடி எட்டு அங்குலம் உள்ளவர் எதில் உட்கார்ந்தாலும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். பழகுகிற காலத்தில் இது பெரிய வரம். குட்டையானவர்கள் நுனிக்காலில் நின்று தடுமாறும்போது நீங்கள் நிம்மதியாக ஊன்றி நிற்கலாம்.

உங்கள் பிரச்சினை சீட்டுக்குக் கீழே இல்லை, முன்னால் இருக்கிறது. முழங்கால்தான் பிரச்சினை.

முழங்கால் சோதனை

கடையில் வண்டியை ஸ்டாண்டில் இருந்து எடுத்துக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம். சீட்டில் நன்றாகப் பின்தள்ளி உட்காருங்கள். நுனியில் உட்கார்ந்து பார்த்தால் உண்மை தெரியாது. இரண்டு காலையும் ஃபுட்போர்டில் வையுங்கள். விழுந்துவிடாமல் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது ஹேண்டில்பாரை இடது பக்கம் முட்டும்வரை திருப்புங்கள். பிறகு வலது பக்கம். முழங்காலிலோ தொடையிலோ இடிக்கிறதா? ஒரு கைப்பிடி அளவு, அதாவது மடக்கிய முஷ்டி போகிற அளவாவது இடம் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'எட்டு' போடச் சொல்வார்கள். எட்டில் ஹேண்டில்பாரை நன்றாகத் திருப்பியாக வேண்டும். அங்கே ஹேண்டில் தொடையில் இடித்தால் வண்டி திரும்பாது. உடனே கால் தரையைத் தொடும், தேர்வு போய்விடும். ரோட்டிலும் அதே கதைதான். ராஜேந்திர பிரசாத் சாலையில் இருந்து சந்துக்குள் திரும்பும்போது எதிரே ஒரு தண்ணி லாரி வருகிறது என்று வையுங்கள். ஹேண்டிலை ஒடித்துத் திருப்பிய நிலையில் பிரேக் பிடிக்கப் போனால், பிரேக் லீவருக்கும் முழங்காலுக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொள்ளும். பழகுகிறவர் விழுவது வேகத்தில் அல்ல, இப்படி மெதுவாகத் திரும்பும்போதுதான்.

அடுத்து, உங்களோடு வந்தவரைப் பின்னால் உட்காரச் சொல்லி இதையே மறுபடி செய்யுங்கள். இதை யாரும் செய்வது இல்லை. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் நாம் கொஞ்சம் முன்னால் தள்ளப்படுவோம். இரண்டு அங்குலம் தள்ளினாலே போதும், தனியாக உட்காரும்போது சரியாக இருந்த முழங்கால் இப்போது இடிக்கும். அதனால் சீட் நீளமாக இருக்கிற வண்டியாகப் பார்ப்பது உங்களுக்கு நல்லது. ஃபுட்போர்டும் அப்படித்தான். அகலமாக இருக்க வேண்டும், முன்பக்கம் கொஞ்சம் சாய்வாக இருந்தால் காலை நீட்டி வைக்கலாம். அக்சஸ், பர்க்மேன், பேட்டரி வண்டியில் ஏதர் ரிஸ்டா போன்றவற்றில் இந்த வசதி கொஞ்சம் தாராளம். அவற்றையும் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கம்பெனிக்கும் நாம் விளம்பரம் செய்யவில்லை. உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் செய்தி. ஒரே உயரம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு இடுப்புக்கு மேல் நீளம். ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்தாது.

கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். கடன் உங்களுடையது.

எடைக் கணக்கு

இப்போது அந்த "தாங்குமா?" கேள்விக்கு வருவோம். வண்டி விவரத் தாளில் இரண்டு எடை இருக்கும். கெர்ப் வெயிட் என்றால் பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய வண்டியின் சொந்த எடை. பே லோடு என்றால் அந்த வண்டி மேல் மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பது. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், பை, மூட்டை எல்லாம் சேர்த்துத்தான் பே லோடு. விளம்பரத் தாளில் கெர்ப் வெயிட்டைப் போட்டிருப்பார்கள், பே லோடைப் பல நேரம் போட்டிருக்க மாட்டார்கள். வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். கடைக்காரர் தெரியாது என்றால் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படியுங்கள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் அதிகம் ஓடுவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. பால் கேனுக்கும் காய்கறி மூட்டைக்கும் அதைவிட்டால் வண்டி இல்லை என்பார்கள். அதற்கு பே லோடு 130 கிலோ. நம் அஸ்தினாபுரம் சகோதரி 92 கிலோ. அவர் தனியாக 38 கிலோ வரை துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போகலாம், தாராளமாகத் தாங்கும். ஆனால் 30 கிலோ மகளைப் பின்னால் உட்கார வைத்து, 15 கிலோ மூட்டையையும் முன்னால் வைத்தால் 137 கிலோ. கணக்கு தாண்டிவிட்டது.

"ஊரில் எல்லாரும் எக்ஸ்.எல்.லில் மூன்று மூட்டை ஏத்திட்டுப் போறாங்களே?" என்று கேட்பீர்கள். போகிறார்கள். வண்டி இழுத்துக்கொண்டு போவது வேறு, வேண்டிய இடத்தில் நிற்பது வேறு. எடை கூடக் கூட வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எடை அதிகம் உள்ளவர்கள் எஞ்சினுக்குச் செலவழிப்பதைவிட பிரேக்குக்குச் செலவழிக்கலாம் என்பது நம் கருத்து. ஒரே மாடலில் முன் சக்கரத்துக்கு டிரம் பிரேக் உள்ளதும் டிஸ்க் பிரேக் உள்ளதும் இருந்தால், கொஞ்சம் கூட ஆனாலும் டிஸ்க்கை எடுங்கள். 2019 ஏப்ரலில் இருந்து 125 சி.சி. வரை உள்ள புதிய ஸ்கூட்டர்களில் இடது கை பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம் ஆகிவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதற்கு முந்தைய வண்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முந்தையது என்றால் இரண்டு கை பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க முதல் நாளிலேயே பழக வேண்டும்.

எஞ்சின் 110 சி.சி. போதுமா, 125 வேண்டுமா? தனியாக மட்டும் போவதானால் 110 போதும். பிள்ளையும் மூட்டையும் சேர்ந்து வரும் என்றால் 125 எடுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. பாலம் ஏறும்போது வித்தியாசம் தெரியும். பாலத்தின் நடுவில் திணறுகிற வண்டியில் பழகுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும்.

டயர் காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். பங்க்கில் "காத்து எவ்வளவு?" என்று கேட்டால் பலர் "பாத்துப் பிடிங்க" என்று சொல்லிவிடுகிறோம். பின் சக்கரத்துக்குத் தனியாகப் போனால் ஒரு அளவு, ஆள் ஏற்றினால் ஒரு அளவு. ஆக்டிவாவில் பழகிய கணக்கு, முன்னால் 22, பின்னால் தனி ஆளுக்கு 29, இரண்டு ஆளுக்கு 36. உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும், ஒரு சீட்டில் எழுதி பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். காற்று குறைந்த டயரில் கனமான ஆள் போனால் வண்டி ஆடும், டயரும் சீக்கிரம் தேயும், பள்ளத்தில் ரிம் அடி வாங்கும்.

சக்கரம் பெரிசாக இருந்தால் பள்ளத்தில் சுகம். எக்ஸ்.எல்.லில் 16 அங்குலம். ஸ்கூட்டர்களில் 10 அல்லது 12. மழைக்காலத்தில் சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் தண்ணீர் நிற்கும் தெருக்களில் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. இரண்டு சக்கரமும் 12 அங்குலமாக உள்ள ஸ்கூட்டர் கிடைத்தால் நல்லது.

புல்லட் பேச்சு

"உன் உடம்புக்கு புல்லட்தான்" என்பது கிண்டலாக இருந்தாலும், பலர் அதை உண்மை என்றே நம்புகிறார்கள். ராயல் என்ஃபீல்டு நமக்குப் பக்கத்து ஊர்க் கம்பெனிதான். திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கி, இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை இருக்கிறது. தாம்பரத்தில் நின்றால் நிமிஷத்துக்கு ஒரு புல்லட் போகும். நல்ல வண்டி. ஆனால் பழகுவதற்கு அல்ல.

புல்லட் 350-ன் எடை 195 கிலோ. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர் 105, 110 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ அளவு. ஓடும்போது எடை தெரியாது. நிறுத்தும்போதும், தள்ளும்போதும், சாய்ந்துவிட்டால் தூக்கும்போதும்தான் தெரியும். பழகுகிறவர் முதல் மாதத்தில் செய்வதெல்லாம் இந்த மூன்றும்தான். நம் உடம்பு எடை 92 கிலோ இருப்பதால் 195 கிலோ இரும்பைத் தூக்கும் பலம் வந்துவிடாது. எடை வேறு, பலம் வேறு. நன்றாக ஓட்டப் பழகி ஒரு வருஷம் கழித்து ஆசை இருந்தால் புல்லட்டும் ஓட்டுங்கள், யார் தடுப்பது? உயரமான பெண்ணுக்கு அந்த வண்டி நன்றாகவே பொருந்தும்.

சாய்ந்த வண்டியைத் தூக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் சாவியை அணையுங்கள். வண்டி வலது பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கியதும் மறுபக்கம் சாயும். சீட்டுக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் எழுந்து பின்னோக்கி நடங்கள். குனிந்து கையால் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சென்டர் ஸ்டாண்டு போடுவதில் மட்டும் கனமானவர்களுக்குத்தான் லாபம். ஸ்டாண்டின் காலை மிதித்து, உடம்பு எடையை அதன் மேல் இறக்கினால் வண்டி தானாக ஏறிக்கொள்ளும். ஒல்லியானவர்கள் கையால் இழுத்து மூச்சு வாங்குவார்கள்.

வீட்டில் இருக்கும் கியர் வண்டி

பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு ஸ்ப்ளெண்டரோ ஷைனோ நிற்கிறது. சீட் உயரம் 78, 79 சென்டிமீட்டர். ஐந்தடி உள்ளவருக்கு எட்டாது, உயரமானவருக்கு எட்டும். கால் வைக்கும் இடம் கீழே இருப்பதால் முழங்கால் பிரச்சினையும் இல்லை. ஸ்ப்ளெண்டரில் பின் சஸ்பென்ஷனை ஐந்து நிலையில் கெட்டியாகவும் மெத்தென்றும் மாற்றிக்கொள்ளலாம். எடை கூடுதலானால் மெக்கானிக்கிடம் சொல்லி கெட்டியாக்கலாம். அதனால் கையில் காசு இல்லை என்றால் வீட்டு வண்டியிலேயே பழகலாம் என்றுதான் நாம் சொல்வோம். கிளட்ச் பழக ஒரு வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சேலையில் கியர் வண்டி ஓட்ட முடியாது, சுடிதார்தான். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரண்டாவது, உரிமத்தில் கியர் இல்லாத வண்டி, கியர் வண்டி என்று தனித்தனி வகை உண்டு. கியர் இல்லாத உரிமம் வைத்துக்கொண்டு வீட்டு ஸ்ப்ளெண்டரை எடுத்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியது போலத்தான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 5,000 ரூபாய்.

பேட்டரி வண்டி

பேட்டரி ஸ்கூட்டரில் இரண்டு ரகம். 250 வாட்டுக்கு மேல் போகாத மோட்டார், 25 கிலோமீட்டருக்கு உள்பட்ட வேகம் என்று இருப்பவற்றுக்கு உரிமமும் பதிவும் தேவை இல்லை. "லைசென்ஸே வேண்டாம்கா" என்று சொல்லி விற்பார்கள். 92 கிலோ ஆளையும் ஒரு மூட்டையையும் பாலத்தில் ஏற்ற அந்தச் சின்ன மோட்டார் தடுமாறும். தெருவுக்குள்ளேயே கடைக்குப் போய் வர என்றால் சரி. மற்றபடி பதிவு எண் உள்ள முழு பேட்டரி ஸ்கூட்டரைப் பாருங்கள். எடை கூடினால் ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் குறையும். விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை அப்படியே நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பழகும் இடத்திலும் எடைக் கணக்கு

எல்.எல்.ஆர். எடுக்காமல் ரோட்டில் ஏறாதீர்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் உதவி செய்வார்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். வெள்ளைத் தாளில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். பின்னால் வேறு யாரையும் ஏற்றக் கூடாது. உரிமம் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஆள் மட்டும் உட்காரலாம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பழகுகிறவர் 92 கிலோ, கற்றுக்கொடுக்கும் கணவரோ அண்ணனோ 75 கிலோ. மொத்தம் 167. முதல் நாளே சின்ன வண்டியில் இப்படி ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடும். "எனக்கு பேலன்ஸே வரலை" என்று அழுதவர்களில் பாதிப் பேருக்கு பேலன்ஸ் இருந்தது, பின்னால்தான் 75 கிலோ கூடுதலாக இருந்தது. ஆகவே கற்றுக்கொடுப்பவர் முதல் சில நாள் பக்கத்தில் நடந்து வரட்டும். காலி மைதானத்தில், எஞ்சினை அணைத்து, லேசான சரிவில் இரண்டு காலாலும் தரையை உதைத்து உதைத்து வண்டியை உருட்டுங்கள். உயரமான உங்களுக்கு இது ரொம்ப சுலபம். ஹேண்டிலும் பிரேக்கும் கைக்கு வந்த பிறகு எஞ்சினை ஓட விடுங்கள். பயந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை இறுக்கும், வண்டி பாயும். அதனால் பயம் வந்தால் வலது கையைத் தளர்த்த வேண்டும் என்பதை எஞ்சின் இல்லாத நாளிலேயே பழகிவிடுங்கள்.

ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் உட்காராது, தாழ்வாகப் பின்னல் போடுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே அடி பட்டிருந்தால் வெளியே தெரியாது.

பணம், பெயர், பதிவு

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. 125 சி.சி. வரை, கியர் இல்லாத வண்டி என்று விதி. எல்.எல்.ஆர். எடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். அந்தத் திட்டம் இப்போது நடப்பில் இல்லை. "மானியம் வாங்கித் தரேன், முன்பணம் கொடுங்க" என்று அதன் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள், இன்றைய விலைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் முதலில் சொல்வது ஷோரூம் விலை. அதற்கு மேல் சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வரும். 2018 செப்டம்பரில் இருந்து புது இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். ஆகவே 'ஆன் ரோடு' விலையை எழுதி வாங்கி, அதைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். பழகுவதற்கென்றே எடுப்பதானால் மூன்று நாலு வருஷப் பழைய வண்டி போதும். முதல் கீறல் விழும்போது மனசு வலிக்காது. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் இரண்டையும் பார்த்து, பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

பதிவு உங்கள் பேரில் இருக்கட்டும். கடன் உங்கள் பேரில், வண்டி வேறொருவர் பேரில் என்றால், நாளைக்கு அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. குழுவின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் கடன் தீர்மானத்திலேயே இதை ஒரு வரியாக எழுதிவிடலாம். உறுப்பினர் நேரில் போய் உட்கார்ந்து பார்த்த பிறகே வண்டிக்கு முன்பணம் கட்டப்படும் என்று இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி. எடை கூடுதலானவர் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மேலே போகும். இருட்டில் நமக்கும் பாதை தெரியாது, எதிரே வருபவருக்கும் கண் கூசும். முதல் சர்வீஸின்போது நீங்கள் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரே சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, மெக்கானிக்கிடம் சொல்லி லைட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ வேலைதான்.